கோட்டைத் தாண்டாத யாரேமா

எங்கள் கால்பந்து அணியில் ஒரு வழக்கம் உண்டு. முதல் ஆட்டம் ஆடியவன் அன்றைக்கே எல்லோருக்கும் விருந்து வைக்க வேண்டும். ஆடி முடித்த பிறகுதான்; முந்திக்கொண்டால் ஆகாது. இன்னும் ஒரு ஆட்டமும் ஆடாத யாரேமாவோ ஆட்டம் தொடங்கும் முன்பே தேன் கேக்கோடு வந்து நின்றான்.

"என்னடா, அவ்ளோ நம்பிக்கையா?" என்று சீண்டினான் கேப்டன் ஒஸ்தாப்.

"அம்மா குடுத்தாங்கண்ணே. ஆடினா விருந்து. ஆடலைன்னா, உங்ககிட்ட சொல்லிட்டுப் போறதுக்கு."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவன் அண்ணன் போருக்குப் போய் மண்ணுக்குள் போய்விட்டான். அந்த வாரமே யாரேமாவுக்குப் பதினெட்டு ஆகிறது. போர் நடக்கும்போது பதினெட்டு ஆன ஆண்களை எல்லையைத் தாண்ட விடமாட்டார்கள். மறுநாள் காலை போலந்துக்குப் பேருந்து. இந்த ஆட்டத்தில் களமிறங்கினால் மட்டும் இங்கேயே இருக்கலாம் என்று அழுது அடம்பிடித்து அம்மாவிடம் வாக்கு வாங்கியிருந்தான். பயிற்சியாளர் இறக்கமாட்டார் என்று நம்பித்தான் அவளும் கொடுத்திருப்பாள். சின்னப் பையன்கள் என்றாலே அவருக்கு நடுக்கம்.

நான் மாற்று கோல்கீப்பர், வருஷக்கணக்காகப் பெஞ்சைத் தேய்க்கிறவன். நடுக்களத்தில் அவனைப் போலப் பந்தை அடக்குகிற ஒருத்தன் எங்களிடம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

இரண்டாம் பாதியில், வேறு வழியில்லாமல், பயிற்சியாளர் அவனைக் கூப்பிட்டார். மாற்றுப் பலகையில் அவன் எண் ஏறியது. பந்து வெளியே போனதும் அவன் உள்ளே இறங்க வேண்டியதுதான் பாக்கி. கோட்டை ஒட்டி நின்றவன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான்.

அப்போது வான்தாக்குதல் சைரன் ஊதியது.

எல்லோரும் பார்வையாளர் மாடத்துக்குக் கீழே இருந்த பதுங்கறைக்கு ஓடினோம். நேரம் போனது, பசி வந்தது. ஒஸ்தாப் கேக் பெட்டியை இழுத்தான்.

"நம்பர் ஏறிடுச்சில்ல? ஆடின மாதிரிதான். வெட்டுடா!"

"வேணாம்ணே. இன்னும் கோட்டைத் தாண்டல."

"ஒரு அடிடா! ஒரு அடிக்கு இவ்ளோ பயமா?"

வெட்டினார்கள். எல்லோரும் தின்றோம். அவன் மட்டும் தொடவில்லை.

சைரன் ஓயும்போது இருட்டிவிட்டது. விளக்குப் போட மின்சாரம் இல்லை. மீதியை நாளைக்கு விட்ட இடத்திலிருந்து ஆடலாம் என்றார் நடுவர். யாரேமா அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "சார், ஒரு நிமிஷம் இறக்கி விடுங்க. போதும்." நடுவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

வாசலில் அம்மா நின்றிருந்தாள். பார்வையாளர்களை உள்ளே விடாத காலம் அது. அவள் எதையும் பார்த்திருக்கவில்லை.

"ஆடினேன்னு சொல்லித் தொலைடா," என்று அவன் காதில் முணுமுணுத்தான் ஒஸ்தாப்.

"கோட்டைத் தாண்டினியா?" என்று கேட்டாள் அம்மா.

அவன் அவள் முகத்தையே பார்த்தான். "இல்லம்மா."

மறுநாள் காலை விட்ட இடத்திலிருந்து ஆடினோம். பலகையிலிருந்து அவன் எண்ணைக் கழற்றி வேறொருவன் எண்ணை மாட்டினார்கள். ஒரு கோலில் தோற்றோம்.

எல்லையில் வரிசையில் நின்றபடி யாரேமா எனக்குப் போன் செய்தான்.

"தோத்துட்டோமாண்ணே?"

"ஆமாடா."



"கேக் எப்படிண்ணே இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"நான் சாப்பிடவே இல்லண்ணே," என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தான்.