பாறையில் காயப்போட்ட சட்டை

ராயப்பன் கிணற்றடியில் நின்று தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தான். தொட்டி எப்போதோ நிறைந்துவிட்டது. நிறைந்து வழிந்து வாழை மரத்துக்குப் போய், அங்கிருந்து பக்கத்து வீட்டு வாசலுக்கும் போய்க்கொண்டிருந்தது. உள்ளே அப்பாவின் கட்டிலருகே யாராவது வந்து குனியும்போதெல்லாம் அவனுக்குத் தண்ணீர் ஞாபகம் வந்துவிடும்.

சாகக் கிடக்கிறவரை நம் ஜனங்கள் சும்மா விடுவதில்லை. பரீட்சை வைத்துத்தான் அனுப்புவார்கள். "இது யாருன்னு தெரியுதா?" பேரைச் சொல்லிவிட்டால் வந்தவருக்குத் திருப்தி. சொல்லாவிட்டால் அவர் முகம் சுருங்கிப்போகும். அப்பா, கொத்தனார் சூசைமாணிக்கம், நேற்றுக் கோயில் சாமியார் வந்து சாகப்போகிறவர்களுக்குக் கொடுக்கிற அவஸ்தைப்பூசுதலைக் கொடுத்துவிட்டுப் போனதிலிருந்து இந்தப் பரீட்சையை எழுதிக்கொண்டிருந்தார். இதுவரை ஒன்றிலும் தவறவில்லை. பால்காரர் சென்னியப்பனை, "பாலுல தண்ணி ஊத்தற சென்னியப்பன்" என்றே சொல்லி, அந்த மனுஷரைச் சிரிக்கவும் அழவும் வைத்துவிட்டார்.

மகன் ஒருத்தன்தான் இன்னும் எதிரே போய் நிற்கவில்லை.

"அண்ணா, கெணத்தையே வத்த வெச்சிருவியாட்ட இருக்குது. உள்ள வா" என்றாள் தங்கை செல்வமேரி. "அப்பா கண்ணத் தொறந்து தொறந்து பாக்கறாரு. உன்னயத்தான் தேடறாரு."

"வாரேன், போ."

"காத்தால இருந்து இதையேதான் சொல்லற."

அவனுக்கும் உள்ளே போகத்தான் வேண்டும். மூச்சு நிற்பதற்குள் அப்பாவிடம் ஒரு மன்னிப்புக் கேட்டாக வேண்டும். மூன்று வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்ததை இந்த ஒரு காலை நேரத்துக்குள் எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சங்ககிரியிலிருந்து கோயில் ஜனங்கள் ஒரு பஸ் பேசிக்கொண்டு மணப்பாட்டுத் திருவிழாவுக்குப் போனார்கள். கடலை ஒட்டி மணலும் பாறையுமாகச் செங்குத்தாக எழுந்து நிற்கும் மேடு. அதன் உச்சியில் சிலுவைக் கோயில், அடியில் அலை வந்து அறைகிற குகை. பஸ்ஸில் வந்த யாரும் அதுவரை கடலைப் பார்த்ததில்லை.

அப்பா பிறந்து வளர்ந்தது குமாரபாளையத்தில், காவிரிக் கரையில். தண்ணீரைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்பது அவர் நினைப்பு. ஆற்றில் தண்ணீர் இறங்கினால் இறங்கியதுதான், இனி மேட்டூரில் திறந்துவிட்டால்தான் உண்டு. காலையில் மேட்டின் அடியில் கடல் பின்வாங்கிப் பாறைகள் வெளியே தெரிந்ததும், துவைக்க நல்ல கல் என்று முடிவுகட்டிவிட்டார். பஸ் பிரயாணத்தில் மகனுடைய வெள்ளைச் சட்டை வேர்வையில் பழுத்துப்போயிருந்தது. பூசைக்கு அதைத்தான் போட வேண்டும். யாரிடமும் சொல்லாமல் அந்தச் சட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினார். தன் வேட்டி சட்டையையும் அவிழ்த்துத் துவைத்தார். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே இல்லை. சோப்பு விற்ற கடைக்காரனைத் திட்டிக்கொண்டே அலசிப் பாறைமேல் விரித்து, மூலைக்கு ஒரு கல் வைத்துவிட்டு, கோவணத்தோடு காவலுக்குக் குந்தினார். இரண்டு ராத்திரி தூங்காத உடம்பு, கண்ணயர்ந்துவிட்டது.

கடலுக்கு மேட்டூரும் தெரியாது, மதகும் தெரியாது. தண்ணீர் திரும்பி வந்தது.

அந்த நேரம் ராயப்பன் மேலே கோயில் முகப்பில் தோமினிக் சாரோடு நின்றிருந்தான். அவன் கணக்கெழுதுகிற லாரிக் கம்பெனியின் மேனேஜர் அவர், சொந்த ஊரான தூத்துக்குடியிலிருந்து திருவிழாவுக்கு வந்திருந்தார். பட்டுச்சேலை கட்டிய மனைவியும் மகள்களும் உடனிருந்தார்கள். அவர்களுக்கு எதிரே அப்படி நின்று பேசுவதே ராயப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. திடீரென்று கூட்டம் கீழே பார்த்துக் கைகொட்டிச் சிரித்தது. ஒரு கிழவர் முழங்கால் சிராய்த்து ரத்தம் வழிய, கோவணத்தோடு, பாறையைப் பற்றிப் பற்றி மேலே ஏறி வந்துகொண்டிருந்தார். தன் துணிகளைக் கடலுக்கு விட்டுவிட்டு, மகன் சட்டையை மட்டும் பல்லில் கவ்விக்கொண்டிருந்தார். தோமினிக் சாரின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"யாருப்பா இந்தக் கெழவன்? உங்க பக்கத்து ஆளு மாதிரி தெரியுதே?"

"தெரியலீங்க சார்" என்றான் ராயப்பன். "எங்க பஸ்ஸுல வந்தவரா இருக்கும்."

அப்பா அப்போது கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டிருந்தார். சட்டையை வாயிலிருந்து எடுத்து, எப்போதும் மகனைக் கூப்பிடுகிற மாதிரி "சாமி" என்று கூப்பிடப் போனவர் கூப்பிடவில்லை. யாரோ ஒருவரைப் போல அவர்களைத் தாண்டி பஸ்ஸைப் பார்க்க நடந்தார். பூசை நேரத்துக்கு அந்தச் சட்டை பஸ் ஜன்னலில் காய்ந்து தயாராக இருந்தது. ராயப்பன் அதைப் போட்டுக்கொண்டுதான் பூசை கண்டான்.

ஊருக்குத் திரும்பியதும் கடல் தன் வேட்டியைக் கொண்டுபோன கதையைச் சூசைமாணிக்கம் சங்ககிரி முழுக்கச் சொல்லிச் சிரித்தார். சோப்பு நுரைக்காததைச் சொல்வார், கூட்டம் கைகொட்டியதைச் சொல்வார். "மேல ஏறி வந்தனா, நேரா பஸ்ஸுக்குப் போயிட்டனுங்க" என்று முடித்துவிடுவார். நடுவில் ஒரு இடத்தை ஒவ்வொரு முறையும் ஜாக்கிரதையாகத் தாண்டிப் போவார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற ராயப்பனுக்கு அவமானத்தில் சோறு இறங்காது. நாலு பேர் முன்னால் திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை என்றிருக்கும்.

"ராயப்பா, எங்கப்பா போயிட்ட? உள்ள வா" என்று உபதேசியார் குரல் கொடுத்தார். மரண ஜெபம் சொல்ல வந்திருந்தார். இந்த முறை செல்வமேரி வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அறை நிறைய ஆட்கள் நின்றிருந்தார்கள். உபதேசியார் அவன் தோளைத் தொட்டு முன்னால் நிறுத்தினார்.

"கொத்தனாரே, இங்க பாருங்க. இது யாருன்னு தெரியுதுங்களா?"

தெரியவில்லை என்று சொல்லிவிடட்டும் என்று ராயப்பன் மனசார வேண்டிக்கொண்டான். இத்தனை பேர் முன்னால் ஒரு தடவை சொல்லிவிட்டால் தனக்கும் அவருக்கும் கணக்கு நேராகிவிடும். அப்பா வெகுநேரம் அவன் முகத்தையே பார்த்தார்.

"நல்லாக் கேட்டீங்க போங்க" என்றார் கடைசியில், மெல்லிய குரலில். "பெத்த புள்ளயத் தெரியாதுன்னு சொல்லுவாங்களா?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். "நெனவு தெளிவா இருக்குது" என்றார் உபதேசியார். ராயப்பன் அந்த முகத்தில் ஒரு குத்தலைத் தேடினான். இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பான். அப்படி எதுவும் அதில் இல்லை.

அவன் காதருகே குனிந்தான். "அப்பா, மணப்பாட்டுல நானு..."

"தண்ணி குடு, சாமி" என்றார்.

ராயப்பன் ஊட்டிய முதல் கரண்டி உள்ளே போயிற்று. இரண்டாவது கடைவாயில் வழிந்தது. செல்வமேரி கரண்டியைப் பிடுங்கி வைத்துவிட்டு, "சேசு மரி சூசையே" என்று அப்பாவின் காதில் சொல்லத் தொடங்கினாள். சொல்லச் சொல்ல அவள் குரல் உடைந்து அழுகையாயிற்று.

சவப்பெட்டிக்குச் சொல்ல ராயப்பன்தான் புறப்பட்டான். வழியில் டீக்கடையில் நின்று, "எங்கப்பா போயிட்டாருங்க" என்றான். சைக்கிள் கடையிலும் நின்று சொன்னான். டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்த, முன்பின் தெரியாத ஒரு லாரி டிரைவரிடமும் சொன்னான். அந்த ஆள் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில்தான் கந்தப்பன் ஆசாரி பெட்டியும் செய்வார்.

"யாருக்குங்க?"

"எங்கப்பாவுக்குங்க. கொத்தனார் சூசைமாணிக்கம். அவரு எங்கப்பாங்க."

"அடடா, நல்ல மனுசனாச்சே. ஒசரம் அளந்துட்டு வந்தீங்களா?"

அளக்கவில்லை. ராயப்பன் கொஞ்சம் யோசித்தான். "ரெண்டு பேரும் ஒரே ஒசரந்தானுங்க. தோள்கூட இதே அகலந்தான்."

"அப்ப நீங்களே அந்தப் பலகையில சாஞ்சு நில்லுங்க."

நின்றான். ஆசாரி கயிற்றின் ஒரு முனையை அவன் குதிகாலில் மிதிக்கச் சொல்லி, மறு முனையைத் தலைக்கு மேலே கொண்டுபோனார்.

"தலையக் குனியாதீங்க. அளவு கொறஞ்சு போயிரும். நிமுந்து நில்லுங்க."

ராயப்பன் நிமிரப் பார்த்தான். ஆசாரி கயிற்றைப் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தார்.