பாய்வண்டியின் இரட்டை இருக்கை

வெல்டரின் தம்பியைக் காற்று எடுத்துக்கொண்டு போன அன்று, அவன் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் பாய்வண்டியோடு பத்திரமாகத் திரும்பி வந்தது. நாற்காலியைக் கட்டியிருந்த கம்பி அறுந்திருக்கவில்லை. கால் வைக்கும் குழாயின் மேல் அவன் செருப்புகள்கூட ஜோடியாக இருந்தன. ஏரி வற்றிய பிறகு ஊருக்குக் கிழக்கே கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் சிமெண்டு பூசியதுபோல இறுகிப்போய்விட்டது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அந்தத் தரையின் மேல் ஒரு காற்று கிளம்பும். படகு ஓட்டிப் பழகியவர்களின் கை சும்மா இருக்குமா? மூன்று சக்கரம், ஒரு கம்பம், காற்றை வாங்க ஒரு பாய் என்று ஆளாளுக்கு வண்டி கட்டினார்கள். பாயையும் சக்கரத்தையும் பார்த்துப் பார்த்துச் செய்தவர்கள் உட்காரும் இடத்துக்கு மட்டும் வீட்டில் எது சும்மா கிடந்ததோ அதைக் கட்டிவைத்தார்கள். சோபா கட்டிப் போன போட்டோ ஸ்டூடியோக்காரர் திரும்பவில்லை, சோபா திரும்பியது. பாதியாக அறுத்த தகர டிரம்முக்குள் உடம்பைத் திணித்துக்கொண்டு போன கறிக்கடைக்காரர் மட்டும் ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தார். அவரை வெளியே இழுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. இதற்கெல்லாம் விதி என்று ஒரே வார்த்தையில் ஊர் கணக்கை முடித்துவிட்டது.

எடுத்துக்கொண்டு போனது என்றால் செத்துப்போனார்கள் என்று அர்த்தமில்லை. காற்று வீசும் நேரத்தில் அவர்களுடைய துணிகளைக் கொடியில் போட்டால் ஆள் வந்துவிடுவார். வெல்டரின் அம்மா சின்ன மகனின் சட்டையையும் பேண்ட்டையும் சேர்த்துக் கிளிப் போட்டுத் தொங்கவிடுவாள். சட்டைக்குள் தோள் எழும்பும், தொப்பை தள்ளும், வலது கை அவன் பழக்கப்படி இடுப்புக்குப் போகும். காற்று நின்றதும் வெறும் துணி. போட்டோக்காரரின் மனைவியும் அப்படித்தான் தொங்கவிட்டாள். அவருடைய சட்டை மாதத்துக்கு மாதம் கொஞ்சமாகப் புடைத்து, ஒருநாள் எவ்வளவு காற்றடித்தும் சட்டையாகவே இருந்தது. அவள் அதை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் வெல்டருக்குத் தூக்கம் போயிற்று. தம்பியின் சட்டையிலும் தொப்பை குறைந்துகொண்டிருந்தது.

வெல்டரின் மனைவியை ஊரில் சீட்டுக்காரி என்பார்கள். பஸ் பாடி கட்டும் பட்டறையில் சீட்டு தைப்பவள். ரெக்ஸினைப் பார்த்தாலே எத்தனை வருஷம் தாங்கும் என்று சொல்லிவிடுவாள். அவளுக்குக் காற்றைக் கண்டால் ஆகாது. சோற்றுத் தட்டைக் கழுவும்போதே சன்னல்களைச் சாத்தித் தாழ் போட்டுவிடுவாள். கொழுந்தனின் சட்டை கொல்லையில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்காமலிருக்க மிஷினை வேகமாக மிதிப்பாள். தம்பியைத் தேடிப் போகிறேன், நல்ல இருக்கை ஒன்று செய்துகொடு என்று கணவன் கேட்டபோது அவள் மிஷினை நிறுத்தினாள்.

"போகாதீங்க. வேலியில போன ஓணானை ஏன் நாமளே எடுத்து மடியில விட்டுக்கணும்?"

"நீ தைக்கலேன்னா அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியிலயே போறேன்" என்றான் அவன். மிரட்டலாகச் சொல்லவில்லை, கடைக்குப் போகிறேன் என்பதுபோலச் சொன்னான். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும். அவள் கத்தரிக்கோலை எடுத்தாள்.

வெல்டர் குழாய்களை வளைத்துப் பற்றவைத்து, ஆள் சாய்ந்து காலை நீட்டிப் படுக்கிற மாதிரி ஒரு சட்டம் செய்தான். அவள் அதன் மேல் கேன்வாஸைத் தொட்டில்போல விட்டு, ஓரமெல்லாம் இரட்டைத் தையல் போட்டு, வளையம் அடித்து, ஷூவுக்கு லேஸ் கட்டுவதுபோல அடியில் நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டினாள். பட்டறை வழக்கப்படி இரண்டு பக்கமும் இரண்டு விரல் தளர்வு விட்டாள். பஸ் சீட்டு ஒருத்தருக்குச் சொந்தமில்லையே, ஒல்லியும் உட்காரும், குண்டும் உட்காரும். அந்த இருக்கையில் வெல்டர் போனான், பொழுது சாய்வதற்குள் திரும்பியும் வந்தான். தெருவே கைதட்டியது. ஆனால் கழுவிவிட்ட ஈரத் தரையில் அவன் நடந்து வந்தபோது கால் தடம் விழவில்லை. கட்டிலில் உட்கார்ந்தான், கட்டில் கிரீச்சென்று சொல்லவில்லை. பாதி ஆள் எடைதான் வீட்டுக்கு வந்திருந்தது.

"அவன் இருக்கான்" என்றான் மனைவியிடம். "பக்கத்துல வந்து இடிச்சுக்கிட்டு உக்காந்தான். ஓரத்துல இருந்த சந்துல எப்படியோ நுழைஞ்சான். ஆனா ஆள் கொள்ளலை. திரும்புற இடம் வந்ததும் நழுவிட்டான். ரெண்டு பேர் உக்கார்ற மாதிரி ஒண்ணு செஞ்சிடு."

அப்போதுதான் சீட்டுக்காரிக்கு விஷயம் விளங்கியது. டிரம்மில் அடைந்திருந்த கறிக்கடைக்காரரைக் காற்று தொடவில்லை. சோபாவில் காலை அகட்டி உட்கார்ந்தவரை எடுத்துக்கொண்டது. எங்கே தளர்வு இருக்கிறதோ அங்கே காற்று வந்து உட்காருகிறது, உட்கார்ந்த பிறகு பக்கத்தில் இருப்பவரைத் தள்ளிவிடுகிறது. பஸ்ஸில் தினமும் நடப்பதுதான். அவள் விட்ட இரண்டு விரல்தான் புருஷனில் பாதியைத் தின்றிருந்தது. அன்றைக்கு முழுக்க அவள் தன் விரல்களைப் பார்த்துப் பார்த்து அழுதாள். மாமியார் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மாடி, உன் புருஷனும் என் வயித்துல பொறந்தவன்தான். ஒருத்தனைக் கொடுத்து ஒருத்தனை வாங்கிக்க எனக்கு மனசில்ல. ரெண்டு பேருக்கும் இடம் போட்டுத் தை" என்றாள்.

"கொழுந்தன் அளவுக்கு நான் எங்க போவேன், அத்தை?"

மாமியார் கொல்லைப்பக்கம் கை காட்டினாள்.

மறுநாள் காற்று கிளம்பியதும் சீட்டுக்காரி முதல்முறையாகச் சன்னலைச் சாத்தாமல் இஞ்ச் டேப்போடு கொல்லைக்குப் போனாள். முக்காலியில் ஏறி, ஆடிக்கொண்டிருந்த சட்டையின் தோளிலிருந்து தோளுக்கு அளந்தாள். முதுகை அளந்தாள். டேப்பை இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்தபோது உள்ளே யாரோ வயிற்றை எக்கிக்கொண்டார்கள். டெய்லரிடம் அளவு கொடுக்கும் ஆண்கள் எல்லாரும் செய்கிற காரியம். பிறகு ஒரு கை, கையில்லாத கை, அவள் தோள் மேல் வந்து படிந்தது. வாய் நிறையக் குண்டூசி வைத்திருந்ததால் அவளால் கத்த முடியவில்லை. அளவை முடித்துவிட்டுத்தான் இறங்கினாள். இறங்கியதும் வாந்தி எடுத்தாள்.

கணவனுக்கு அவள் அளவு எடுக்கவில்லை. எதற்கு எடுக்க வேண்டும்? கல்யாணமான நாளிலிருந்து அவன் சட்டைகளை அவள்தான் தைக்கிறாள். கண்ணைக் கட்டிவிட்டாலும் வெட்டிவிடுவாள். கேன்வாஸில் நடுத் தையல் போட்டு இரண்டு குழிகள் விட்டாள். இடது குழி கொழுந்தனுக்கு, வலது குழி கணவனுக்கு. இந்த முறை தளர்வு கிடையாது. ஒரு வேட்டி மடிப்புகூட இடையில் நுழையாதபடி கயிற்றைக் காலால் உதைத்து இழுத்துக் கட்டினாள். வெல்டர் ஏறிப் படுத்து, "கச்சிதம்" என்றான். அவள் முகம் வெளுத்திருந்ததைப் பார்த்து, "அடி அசடே, உன் கையை மீறி எங்க போயிடுவேன்?" என்று சிரித்தான். பெல்ட்டில் அவன் ஆணி வைத்துப் புதிதாக இரண்டு துளை போட்டிருந்ததை, கைகாட்டி அனுப்பிவிட்டு, வண்டி ஏரியின் நடுவுக்குப் போன பிறகுதான் அவள் மனம் பார்த்தது. தம்பி போன துக்கத்தில் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல் இளைத்திருந்தான் மனுஷன். பக்கத்திலேயே படுத்திருந்தவளுக்கு அது தெரியவில்லை. அவள் வெட்டியது பழைய ஆளுக்கு. சீட்டுக்காரி செருப்பில்லாமல் ஏரிக்குள் ஓடினாள், பாய் ஒரு வெள்ளைப் புள்ளியாகிப் பிறகு அதுவும் மறைந்தது. கத்திய கத்தல் சுழன்றடித்த காற்றில் அவள் வாய்க்குள்ளேயே திரும்பி வந்தது.

வண்டி சாயங்காலம் வந்தது. இடது குழியில் வெல்டரின் தம்பி தலைமுடி முழுக்க மண்ணோடு, காது அடைத்தவன்போல விழித்துக்கொண்டு படுத்திருந்தான். வலது குழியில் யாரும் இல்லை. ஆனால் கேன்வாஸ் ஆள் எடைக்குக் கீழே தொய்ந்து, கயிறுகள் விறைத்து நின்றன.

"அண்ணி, அண்ணன் எங்க? இவ்வளவு நேரமும் இங்கதானே என் கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாரு?"

கிழவி சின்ன மகனைக் கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு வலது குழியைப் பார்த்தாள், அதற்குப் பிறகு அவள் யாரிடமும் அழவில்லை. சீட்டுக்காரி குழிக்குள் கையை விட்டாள். சூடாக இருந்தது. பயத்தில் கையை வெளியே எடுத்தாள், உடனே அதைவிடப் பெரிய பயத்தில் மறுபடி உள்ளே விட்டாள். காற்று இன்னும் நின்றிருக்கவில்லை. தன் சேலைத் தலைப்பைச் சுருட்டி ஓரத்திலிருந்த இரண்டு விரல் சந்தை அடைத்தாள். இருக்கையை வண்டியிலிருந்து கழற்றி நான்கு பேர் வீட்டுக்குச் சுமந்து வந்தார்கள். கனமாக இருந்தது என்றுதான் நால்வரும் சொன்னார்கள். பஞ்சாயத்து மாதிரி அன்றைக்குக் கூடிய கூட்டம், வெல்டர் திரும்பி வந்ததாகவே கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தது.

அதற்குப் பிறகு அந்த ஏரியில் யாரும் பாய்வண்டி விடவில்லை. தம்பிக்குக் கல்யாணம் ஆயிற்று. கிழவி ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தாள், போவதற்கு முன் பெரியவனின் குழியில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தாள். சீட்டுக்காரி நடுத் தையலைப் பிரித்து இடது பக்கத்தை வெட்டியெடுத்தாள், சட்டத்தையும் அதற்கேற்ப அறுத்துச் சின்னதாக்கப் பட்டறை ஆளிடம் சொன்னாள். மாதத்துக்கு ஒருமுறை டேப்பை எடுத்துக் குழியை அளப்பாள். இளைத்திருந்தால் கயிற்றை இறுக்குவாள், உடம்பு பூசியிருந்தால் தளர்த்துவாள். பயம் போகவில்லை. சமையலறையில் இருக்கும்போது ஒரு கதவு அடித்தால் ஓடிவந்து குழியில் கை வைத்துப் பார்ப்பாள், எடை இருக்கும், போய்க் குழம்பைக் கிளறுவாள். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று அக்கம்பக்கத்தார் ஆறுதல் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். அவளுக்கு ஒவ்வொரு விரலும் கணக்கு.

போன வருஷம் சட்டத்தில் ஒரு பற்றவைப்பு விட்டுப்போனது. தம்பிக்குப் பற்றவைக்கும் வேலை தெரியாது. டவுனில் இருக்கும் பட்டறைக்கு எடுத்துப்போவதற்காக அவள் இருக்கையை பஸ்ஸில் ஏற்றி, தன் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். கூட்டமான பஸ். ஏறிய ஒருவர் காய்கறிப் பையை அதில் வைக்கப் போனார், பின்னாலிருந்த அம்மா ஒருத்தி, "பார்த்து வையுங்க, ஆள் இருக்கு" என்றாள். அவர் மன்னிக்கச் சொல்லிவிட்டுப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டார். எல்லாச் சன்னலும் திறந்திருந்தன, காற்று உள்ளே புகுந்து பயணிகளின் தலைமுடியைக் கலைத்துக்கொண்டிருந்தது. சீட்டுக்காரி குழியின் ஓரத்தில் உள்ளங்கையை அழுத்தி வைத்திருந்தாள். கண்டக்டர் வந்து நின்றார், அவளைப் பார்த்தார், தொய்ந்திருந்த கேன்வாஸைப் பார்த்தார். எங்கே என்று மட்டும் கேட்டுவிட்டு இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.