கேஜன் பிடிலுக்கு ஏறிய தாலி

“கெட்டிமேளம் இல்லாமல் கட்டுறதுக்கு இது தாலியோ, நாய்ச் சங்கிலியோ?” என்று மாப்பிள்ளையின் பெரியம்மா இரத்தினம்மா கத்த, “றெக்கோடர் உங்கட ஆக்கள் கொண்டந்தது மாமி! அது கசெற்றைத் திண்டதுக்கு நாங்கள் என்ன செய்யிறது?” என்று மணப்பெண்ணின் அக்கா ஜெயமலர் திருப்பிக் கத்தினாள். 1986இல் சுவிஸின் ஃப்ரிபூர்க்கில் நாயனக்காரருக்கு எங்கே போவது? முகூர்த்தமோ போய்க்கொண்டிருந்தது. உடனே ஜெயமலர் ஓடிப்போய், தன் வீட்டு மேல்மாடியில் இருந்த பிடில்காரர் அல்சீட்டைக் கூட்டிவந்தாள். தங்கைக்கு வழிவிட்டு, தான் கலியாணம் கட்டாமல் நின்ற அந்தக் குமருக்கு அந்த ஆளின் நினைவு ஏன் அவ்வளவு கெதியாக வந்தது என்பது சனத்துக்குப் பிறகுதான் விளங்கியது.

அல்சீட் வாசித்தால் கேட்பவர்கள் தரையிலிருந்து எழும்புவார்கள். வாசிக்கிற அவர் மட்டும் எழும்புவதில்லை. பத்து மணிக்குப் பிறகு குளிக்கக் கூடாது என்ற அறிவித்தலின் கீழேயே, மிதக்கவும் கூடாது என்று வீட்டுக்காரன் எழுதி ஒட்டியிருந்தான். அவர் அமெரிக்காவின் லூசியானாச் சதுப்பு நிலத்தில் பிரெஞ்சு பேசுகிற கேஜன்காரர். வீட்டுப் பிரெஞ்சைப் பள்ளிக்கூடத்தில் பேசி அடிவாங்கியவர், சுருட்டுப் பெட்டியில் கம்பி கட்டிப் பிடில் பழகியவர். ஒரு சனிக்கிழமை நடனத்தில் அவருடைய வாசிப்புக்கு எழும்பிய மனைவி, திறந்திருந்த யன்னலால் போனவள் போனவள்தான். கச்சேரிக்கு சுவிஸ் வந்தவர், இங்கே சனம் யன்னலைப் பூட்டியே வைத்திருப்பதைக் கண்டு தங்கிவிட்டார். கஃபேக்களில் வாசித்தார், விளக்கில் தலை இடித்தவர்களும் அடுத்த கிழமை திரும்பி வந்தார்கள்.

மண்டபத்திலோ ஓமப் புகைக்காக எல்லா யன்னலும் திறந்து கிடந்தது. அதைக் கண்டதும் அல்சீட் பிடிலைப் பெட்டிக்குள் வைத்தார். “சாத்தினால் புகைக்குள்ள எனக்கு மந்திரம் வராது பிள்ளை,” என்றார் ஐயர். ஜெயமலர் தன் அரைகுறைப் பிரெஞ்சில் அல்சீட்டிடம் சொன்னாள்: ஒரு தும்மல்கூடக் கேட்காத அளவுக்குச் சத்தமாக வாசியுங்கோ, தங்கச்சிக்கு நான் பொறுப்பு.

வாசித்தார். அட்சதைத் தட்டு எழும்பியது, ஐயர் எழும்பினார், வாயைத் திறந்தபடியே இரத்தினம்மாவும் எழும்பினார். அந்த வாயிலிருந்து அன்றுதான் சத்தம் வரவில்லை. மணப்பெண் பத்மினி யன்னல் பக்கம் சரிந்தாள். கூறைச் சேலையின் தலைப்பு வெளியே வெயிலில் பறந்தது. அல்சீட்டின் முகம் வெளிறி, வில் தடுமாறியது. “நிப்பாட்டாதேங்கோ!” என்று கத்தியபடி ஜெயமலர் தங்கையின் காலை எட்டிப் பிடித்தாள். மாப்பிள்ளை சந்திரகுமார் காற்றில் நீந்திப்போய்த் தாலிக்கொடியைப் பூட்டினான். வில் நின்றது.

எல்லாரும் இறங்கினார்கள், பத்மினி மட்டும் ஒரு சாண் குறைய இறங்கினாள். அவளும் சந்திரகுமாரும் டீட்டிகோன் என்ற ஊருக்குக் குடிபோய்விட்டார்கள். அங்கே பனியில் ஒரு சோடிக் காலடிதான் பதிகிறது. மூன்றாம் வருடம் ஜெயமலர் அல்சீட்டைக் கட்டினாள். மாப்பிள்ளையே மேளமும் வாசிக்க முடியுமோ? கசெற்தான். அன்றைக்கு அது ஒழுங்காக ஓடியது. நாயனம் எடுத்ததும், அல்சீட் பிறந்ததிலிருந்து முதல்தடவையாக எழும்பினார். ஜெயமலரும் கூடவே எழும்பினாள். போய் யன்னலைச் சாத்தியவர் இரத்தினம்மாதான். இருவரும் இப்போது சோலோதுர்னில், கூரை தாழ்ந்த ஒரு வீட்டில் இருக்கிறார்கள்.