புளிசாதம் இல்லாத செஞ்சிப் பயணம்

“நான் சொல்றத முழுசா கேளு காந்தி, செஞ்சி ராஜகிரிக் கோட்டைன்னா—”

“மொதல்ல நான் கேட்டதுக்கு பதில் சொல்லுங்க—”

“பாறை மேல பாறையா அடுக்கி வெச்ச மாதிரி, அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்கும்—”

“அதான் கேக்குறேன், அந்த உச்சிய நான் எப்பப் பாக்குறது?”

சேலையூர் வீட்டுக் கூடத்தில் ஜெயவேலுவும் அவர் மனைவி காந்திமதியும் இப்படி மோதிக்கொண்டிருக்க, பக்கத்து வீட்டு டேனியலும் ஷீலாவும் காப்பித் தம்ளரைப் பிடித்தபடி, குடிப்பதா வேண்டாமா என்று உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேரும் செஞ்சி மலைக்குப் போய்வரத் திட்டம் போடத்தான் கூடியது.

திட்டம் ஜெயவேலுவுடையது. விடிகாலையில் தாம்பரத்தில் பஸ், வெயில் ஏறுமுன் மலை, இறங்கி வந்து மரத்தடியில் புளிசாதம். அங்கே குரங்குகள் பையைப் பிடுங்கும் என்பதால் சாப்பாட்டோடு கீழே ஒருவர் இருக்க வேண்டும். அது யார் என்று அவர் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை. எந்த மலைக்குப் போனாலும் காந்திமதிதான் சாப்பாட்டுப் பைக்குக் காவல். திருக்கழுக்குன்றத்தில் எல்லோரும் இறங்கி வந்து மேலே அடித்த காற்றைப் பற்றியே பேச, அவள் பேசாமல் பரிமாறிக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை உச்சியைப் பார்க்காமல் திரும்புவதில்லை என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டிருந்தாள்.

“உன் முட்டி தாங்குமா?” என்றார் ஜெயவேலு.

“ரெண்டு மாசமா சனிக்கிழமை ஆனா திருநீர்மலை ஏறி எறங்குறேன். தாங்குது.”

“அது சாமி மலை. சாமியே ஏத்தி வுட்டுடும். இது கோட்டை.”

“கூட நானும்தான் ஏறினேன் அண்ணா,” என்றாள் ஷீலா. “என்னைய எந்த சாமி ஏத்தி விட்டுச்சாம்?”

டேனியலுக்குக் காப்பி புரையேறியது. ஜெயவேலு விடவில்லை.

“சரி, அல்லாரும் ஏறிட்டா பை இன்னா ஆவுறது? கொரங்குகிட்ட பாத்துக்கச் சொல்லிட்டுப் போறதா?”

“பையே கிடையாது. அன்னிக்கு நான் சமைக்கல. ஆளுக்கொரு தண்ணி பாட்டில். எறங்கி வந்து ஓட்டல்ல சாப்பிடலாம்.”

ஜெயவேலு குடும்பத்தில் பயணம் என்றால் முதல் நாளே தெருமுனை வரைக்கும் புளிக்காய்ச்சல் மணக்க வேண்டும். அது இல்லாமல் அவர் அப்பா காலத்திலிருந்து யாரும் பஸ் ஏறியதில்லை.

“ஓட்டல் சோறு என் வயித்துக்கு ஒத்துக்காதுன்னு உனக்குத் தெரியாதா? கல்யாணம் ஆன நாளா நான் வெளிய கை நனைச்சதே இல்ல.”

டேனியல் நல்ல மனுஷர். பேச்சைச் சமாதானமாக முடித்துவைக்க நினைத்ததுதான் அவர் செய்த பிழை.

“அதெல்லாம் ஒத்துக்கும் அண்ணே. தினம் வாக்கிங் முடிச்சு கேம்ப் ரோடு மெஸ்ல பொங்கல் வடை சாப்பிடுறீங்களே, ஒண்ணும் ஆகலையே.”



“பொங்கலா?” என்றாள் காந்திமதி, தேன் ஒழுகுகிற குரலில். “நெய் பொங்கலா, சாதாவா?”

“நெய்தான் அண்ணி.” ஷீலா காலை மிதிப்பதற்குள் டேனியல் சொல்லி முடித்துவிட்டார்.

“வீட்ல வந்து ரெண்டு இட்லி போதும்பாரு. மனுஷன் என்னமா வாயக் கட்டுறாருன்னு நான் சொந்தக்காரங்க அத்தனை பேர்கிட்டயும் பெருமையடிச்சுகினு இருந்தேன்.”

காந்திமதிக்கு ஆச்சரியம், கோபமே வரவில்லை. வயலில் முதல் மழை இறங்கியது போல் உள்ளே குளிர்ந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு நடுவில் உட்கார்ந்தாள்.

“தாம்பரத்துல ஏறினா செஞ்சி வரைக்கும் நின்னுகினேதான் போவணும். நாம கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்கே போயி ஏறுவோம், சீட்டு கிடைக்கும். கால் தெம்ப மலைக்கு மிச்சம் வெக்கணும். என்ன டேனியல்?”

“நீங்க சொன்னா சரி அண்ணி.”

“சாயந்தரம் திரும்பறப்ப எனக்கு ஜன்னல் சீட்டு,” என்றாள் ஷீலா.

டேனியலும் ஷீலாவும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். கதவைச் சாத்தியதும் ஜெயவேலு மெதுவாகக் கிட்டே வந்தார்.

“காந்தி, இத்தினி நெய்யத் தின்னுட்டு பாதி மலையில எனக்கு மூச்சு வாங்குனா இன்னா பண்றது?”

“அவசரமே இல்லீங்க. உக்காந்து உக்காந்து வாங்க. நான் உச்சியில காத்துகினு இருப்பேன்.”