எக்ஸ்பிரஸ் நின்ற இடங்கள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. பேரம் பேசி வாங்கியது.

விற்றவள் என் தங்கை. பியானோ வாசிப்பாள், வாத்தியக் குழுக்களுக்கு இசை எழுதுவாள், எட்டு மாதக் குழந்தைக்குத் தாய். புதிதாகக் கட்டிய ஓர் இசை அரங்கின் திறப்பு நாளில் வாசிக்க அவளிடம் ஒரு படைப்பு கேட்டிருந்தார்கள். குழந்தை பிறந்த பிறகு அவள் எழுதும் முதல் படைப்பு. ஒத்திகை நாட்களில் குழந்தையை வைத்துக்கொள்ள அவளுக்கு ஓர் ஆள் வேண்டும். எனக்கு எழுத ஒரு கதை வேண்டும். நாங்கள் இருவரும் பாத்திரக்கடைக்காரர் பிள்ளைகள். இதற்குமேல் என்ன நடந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

"குழந்தைய நான் பாத்துக்கறேன். அங்க நடக்கறத எழுதிக்கறேன்."

"மூணு கண்டிஷன்."

"ஒண்ணு."

"மூணு. நான் அழற மாதிரி எழுதக் கூடாது. குழந்தைய தேவதைன்னு எழுதக் கூடாது. எங்க வீட்டுக்காரர கோமாளி ஆக்கக் கூடாது."

"கடைசி ஒண்ணு கட்டுப்படியாகாது."

"அண்ணா!"

"சரி, பாதிக் கோமாளி."

படிந்தது.*

* படிந்ததோடு விட்டாளா? ஒவ்வொரு பக்கத்தையும் எழுத எழுத வாங்கிப் படித்தாள். ஆகவே இந்தக் கதையில் அவள் அங்கங்கே குறுக்கே பேசுவாள். நான் பொறுத்துக்கொண்டேன். நீங்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "தாய்மை என்பதே ஓர் இசை. அதில்—"

(நிறுத்திவிட்டேன். இந்தச் சரக்கு எல்லாக் கடையிலும் தொங்குகிறது.)

இரண்டாம் முயற்சி: "ஜன்னலுக்கு வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் விரல்கள் பியானோவின் கட்டைகள்மேல் ஏதோ ஒரு பழைய ஏக்கத்தை—"

(மழை பெய்யவில்லை. நல்ல வெயில். ஜன்னல் கம்பியில் குழந்தையின் துணிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஏக்கமும் கிடையாது. "அந்த ஈரத் துணிய உள்பக்கம் திருப்பிப் போடு" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே வாசித்துக்கொண்டிருந்தாள்.)

மூன்றாம் முயற்சியில் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

வாத்தியக்காரர்கள் என் தங்கைக்கு வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். அவள் எழுதும் இசை அப்படி. புறப்பட்டால் புறப்பட்டதுதான், போய்ச் சேரும்வரை எங்கும் நிற்காது. "மூச்சு விட நடுவுல ஒரு ஸ்டேஷன் போடக் கூடாதா, தாயே?" என்று புல்லாங்குழல்காரர் கும்பிட்டே கேட்டிருக்கிறார். அவள் சிரிப்பாளே தவிர, போடமாட்டாள். அந்தப் பெயரில் அவளுக்கு உள்ளூரப் பெருமை.

குழந்தை வந்தபின் வாசிக்கும் நேரம் குழந்தை தூங்கும் நேரமாயிற்று. பியானோவின் கம்பிகளுக்கு முன்னால் ஒரு கம்பளித் துணியைச் செருகிச் சத்தத்தைக் குறைத்தாள். பியானோவுக்கு இடப்பக்கம் குழந்தை தூங்கும் அறை. அந்தக் கதவு எப்போதும் பாதி திறந்திருக்கும். முழுதாகத் திறந்தால் குழந்தை எழுந்துவிடும். முழுதாக மூடினால் இவள் எழுந்து எழுந்து போய்ப் பார்ப்பாள்.

3

ஒரு கதாபாத்திரம் எனக்குச் சரியாகவே பிடிபடவில்லை. குழந்தைதான்.

வீட்டில் அவள் பெயர் முதலாளி. வேலை செய்யாமல் எல்லாரையும் வேலை வாங்குகிறாள். திருப்தி என்பதே கிடையாது. கோபம் வந்தால் கையில் இருப்பதை வீசுகிறாள். இப்படிப்பட்ட முதலாளிகளைக் கடைத்தெருவில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் கதையில் என்ன செய்வது? வசனம் கிடையாது. லட்சியம் ஒன்றே ஒன்று: என் மூக்குக்கண்ணாடி. (அதை அடைந்துவிட்டாள். இதைப் பழைய கண்ணாடியோடு எழுதுகிறேன்.)

தங்கையின் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஒருநாள் வேலையிலிருந்து வந்தவர், கருவிப்பையைக்கூட இறக்காமல், தூங்கும் முதலாளியை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

"மச்சான், தூங்கும்போது இவ என்னை மாதிரி இருக்காளா, உங்க தங்கச்சி மாதிரி இருக்காளா?"

"முழிச்சிருக்கும்போது?"

"அப்ப உங்க அப்பா மாதிரி இருக்கா. பயமா இருக்கு."

(பாதிக்கு மேல் போகவில்லை. ஒப்பந்தத்தை மீறவில்லை என்று இங்கே பதிவு செய்கிறேன்.)

4

ஒத்திகை புது அரங்கின் பின்கட்டில். சுவரில் பெயின்ட் வாசனை போகவில்லை. நாற்காலிகளின்மேல் பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது; யாராவது அசைந்தால் சரசரத்தது. குழுவை நடத்துகிறவர் ஒரு வயலின்காரர். எல்லாரும் அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். கல்லும் மண்ணும் கொடுத்தால்கூட வரிசையில் நிறுத்திவிடுவார்.

தொடங்கினார்கள். எக்ஸ்பிரஸ் பழைய வேகத்தில் புறப்பட்டது. திடீரென்று நின்றது. எல்லா வில்லும் கம்பிக்கு மேலே அந்தரத்தில். ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் தங்கை ஒரு கட்டையைத் தொட்டாள், மறுபடி ஓடியது. கொஞ்ச தூரம் போய் மறுபடி நின்றது.

மேஸ்திரி வயலினை முழங்கால்மேல் இறக்கினார்.

"எக்ஸ்பிரஸ், இங்க எதுக்கு நிக்கறோம்?"

"நிக்கணும்."

"சரி, எவ்வளவு நேரம்? நோட்ஸ்ல அளவே எழுதலயே. சும்மா ஒரு புள்ளி வெச்சிருக்க."

"நான் ஆரம்பிக்கற வரைக்கும்."

"அதான் எவ்வளவு நேரம்?"

"தெரியல, மேஸ்திரி. ஒவ்வொரு தடவையும் வேற வேற."

"எனக்கு ஆட்சேபணை இல்ல," என்றார் புல்லாங்குழல்காரர். "இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் மூச்சு விடறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை. "திறப்பு நாள்ல வர்றவங்க பாதிப் பேர் இதுவரைக்கும் கச்சேரிக்கே வராதவங்க. நீ நிறுத்தின இடத்துல முடிஞ்சிடுச்சுன்னு கைதட்டிடுவாங்க. அப்புறம் நாம பேந்தப் பேந்த முழிக்கணும். ஒருத்தன் சிரிச்சான்னா போச்சு. அப்புறம் உன்ன யாரு கூப்பிடுவாங்க? குழந்தை பொறந்ததும் இவளுக்குக் கைவிட்டுப் போச்சுன்னு சொல்லுவாங்க. சொல்ல மாட்டாங்களா?"

"சொல்லுவாங்க," என்றாள் தங்கை. பொய் சொல்லத் தெரியாதவள். எங்கள் கடையில் அவளை ஒருபோதும் கல்லாப் பக்கம் உட்கார வைத்ததில்லை.

"அந்த இடத்தையெல்லாம் என் வயலின வெச்சு நிரப்பிடலாம். யோசி."

அப்போதுதான் அதைக் கவனித்தேன். கவனிக்காமல் இருந்திருக்கலாம்; கவனித்ததை மனதுக்குள் வைத்துக்கொண்டாவது இருந்திருக்கலாம். இசை நிற்கும் ஒவ்வொரு முறையும் அவள் தலை லேசாக இடப்பக்கம் திரும்பியது. முதலாளியோ அவளுக்கு வலப்பக்கம், என் மடியில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டிருந்தாள். இடப்பக்கம் வெறும் சுவர். அந்தச் சுவரைப் பார்க்கிறாள். பார்க்கிறாள் என்பது தவறு. கேட்கிறாள்.

"ஏம்மா, அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

அவள் சுவரைப் பார்த்தாள். பிறகு என் மடியைப் பார்த்தாள். பிறகு பியானோ மூடியை மெல்லச் சாத்தினாள்.

5

வீட்டுக்கு வந்தோம். மாடிப்படியில் முதலாளியை என்னிடமிருந்து வாங்கும்போது சொன்னாள்.

"இத்தனை நாளா அத இசைன்னு நெனச்சிட்டு இருந்தேன், அண்ணா. பெருசா என்னமோ கண்டுபுடிச்சிட்டேன்னு. கடைசில பாத்தா, இவ முழிச்சிட்டாளான்னு காது குடுத்துக் கேட்டிருக்கேன். அவ்வளவுதான். அத அப்படியே எழுதியும் வெச்சிருக்கேன்."

(அவள் அழவில்லை.)

எனக்குத் தெரிந்த தொழிலை வைத்துச் சமாதானம் செய்யப் பார்த்தேன். "அப்பா வெல சொல்லிட்டு என்ன பண்ணுவாரு? வாயே தெறக்க மாட்டாரு. வாங்க வந்தவன் தானா உருகி ஒத்துக்குவான். சும்மா இருக்கறதுக்கு அவ்வளவு பலம்."

"அண்ணா, இது அண்டா வியாபாரம் இல்ல."

"எல்லாமே அண்டா வியாபாரந்தான்."

"உன் கதை வேணா அப்படி இருக்கலாம்."

அடி பலமாகத்தான் விழுந்தது. அன்று அந்தப் புள்ளிகளையெல்லாம் நிரப்ப உட்கார்ந்தாள்.

6

இனிவரும் பத்தி நடக்காதது.

"நிரப்பிய இசையை அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். அந்த வெள்ளத்தில் குழந்தையின் அழுகை அவள் காதில் விழவில்லை. கணவர் வந்து கதவைத் திறந்தபோது குழந்தையின் முகம் சிவந்து, குரல் கம்மி—"

தங்கை தாளைக் கையில் வைத்துக்கொண்டே என் அறைக்கு வந்தாள்.

"இது எப்ப நடந்துச்சு?"

"நடக்கல. ஒரு அழுத்தம் வேணும்னு—"

"அம்மாவப் பத்திக் கதைன்னா ஒரு குத்த உணர்ச்சியத் தூக்கி வெச்சே ஆகணுமா? அவ அழுதா அடுத்த தெருவுக்குக் கேக்கும். எனக்குக் கேக்காதா? நடந்தது இதவிட நல்லா இருக்கே, அத எழுதேன்."

ஆகவே நடந்தது:

நிரப்பிய இசை நன்றாக இருந்தது. அதுதான் சிக்கல். பழைய எக்ஸ்பிரஸே திரும்பி வந்தது போல, மேஸ்திரி கேட்டால் துள்ளிக் குதிப்பார் போல இருந்தது. முதலாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு நானே தலையாட்டினேன். ஆனால் பழைய புள்ளி இருந்த இடம் வரும்போதெல்லாம் தங்கையின் விரல் ஒரு கட்டையைத் தவறவிட்டது. மறுபடி வாசித்தாள். மறுபடி அதே இடத்தில் தவறியது. விரலுக்குக் கஷ்டமான இடமே இல்லை அது.

கையை எடுத்துவிட்டாள்.

"கை ஓடுது, அண்ணா. காது நின்னுடுது."

"இவ இங்கதான் இருக்கா. என்கிட்ட."

"தெரியுது. இவளுக்காகத்தான் ஆரம்பிச்சது. இப்ப இவ இல்லாட்டியும் நிக்குது. முன்னாடி வாசிக்கும்போது நான் என்னத்தக் கேட்டேன்னு நெனச்சா வெக்கமா இருக்கு. நான் வாசிக்கறதத்தான் நானே கேட்டுட்டு இருந்திருக்கேன்."

"அப்ப புள்ளியத் திரும்ப வெச்சிடு."

"வெச்சா, கைதட்டிட்டாங்கன்னா?"

"மேடையில ஒரு வார்த்தை சொல்லிடு. 'நடுவில் நிற்கும், கைதட்டாதீர்கள்'னு."

"சொன்னா கேக்க மாட்டாங்க."

"ஏன், சொன்னா அடங்கி உக்காருவாங்க."

"உக்காருவாங்க. எப்ப மறுபடி ஆரம்பிக்கும்னு காத்துட்டு இருப்பாங்க. காத்துட்டு இருக்கறது வேற, கேக்கறது வேற."

முப்பது வருடமாக நான் எழுதுகிறேன். இந்த ஒரு வாக்கியத்துக்கு இணையாக நான் ஏதும் எழுதியதில்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் நாலாவது கண்டிஷன் போடுவாள்.

இரண்டு விதமாகவும் நோட்ஸ் எழுதி எடுத்துக்கொண்டாள். எது என்பதை மேடை ஏறும் முன் மேஸ்திரியிடம் சொல்வதாக ஏற்பாடு.

7

முடிவு, முதல் வகை: நிரப்பியதை வாசிக்கிறாள். அரங்கு அதிர்கிறது. மேஸ்திரி கட்டிப்பிடிக்கிறார். அடுத்த அழைப்பு வருகிறது, அதற்கடுத்ததும். மகிழ்ச்சியான முடிவு. அவள் முகத்தை மட்டும் நான் எழுதாமல் விடவேண்டியிருக்கும்.

முடிவு, இரண்டாம் வகை: அவள் குழந்தையோடு மேடைக்கு வந்து, கூட்டத்தைப் பார்த்து, கண்கலங்கி—

(கண்டிஷன் ஒன்று. கண்டிஷன் இரண்டு. நிறுத்திவிட்டேன்.)

இனி அன்று நடந்ததை, நடந்தவரை சொல்கிறேன்.

வாசலிலேயே மாப்பிள்ளை முதலாளியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். "நீங்க உள்ள போங்க, மச்சான். இங்க லிஃப்ட் புதுசு. நாங்க ரெண்டு பேரும் மேலயும் கீழயும் போயிட்டு இருக்கோம்." நான் பக்கவாட்டு வரிசையில் உட்கார்ந்தேன். அரங்கு நிரம்பியிருந்தது. மேஸ்திரி சொன்னது சரி. பாதிப் பேர் கச்சேரிக்குப் புதியவர்கள். நாற்காலியின் கையைத் தடவிப் பார்த்துக்கொண்டும், விளக்கைக் காட்டி ஏதோ பேசிக்கொண்டும் இருந்தார்கள். வாத்தியக்காரர்கள் வந்தார்கள். தங்கை வந்தாள். மேஸ்திரியின் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. எந்த நோட்ஸ் என்று எனக்குத் தெரியாது.

தொடங்கியது. ஓடியது. அப்படி ஓடி நான் கேட்டதே இல்லை. அந்த இடம் நெருங்கியது.

நின்றது.

எல்லா வில்லும் அந்தரத்தில். மேஸ்திரியின் வயலினும்தான். அவள் தலை இடப்பக்கம் திரும்பியது. அங்கே ஒரு திரை தொங்கியது, வேறொன்றும் இல்லை.

முன்வரிசையில் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மடியிலிருந்து இரண்டு கைகளும் எழுந்தன. நல்ல மனிதர்; இசை பிடித்துப்போய்த்தான் கையைத் தூக்குகிறார். அவர் தட்டினால் பக்கத்தில் இருப்பவர் தட்டுவார், வரிசை தட்டும், அரங்கே தட்டும். புறப்பட்ட கொஞ்ச தூரத்திலேயே அவள் படைப்பு முடிந்துபோகும். அவர் தட்டாவிட்டால்—

தங்கை இந்த இடம்வரை படித்துவிட்டு, "மிச்சத்த எழுதலயா?" என்றாள்.

"இல்ல."

"என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்."

"நமக்குத் தெரிஞ்சத வெச்சு என்ன பண்றது? படிக்கறவங்களுக்கும் ஏதாவது வேல வேணுமில்ல."

என்னை முறைத்தாள். பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்தாள். பேரம் பேசவில்லை.

ஆகவே, வாசகரே, அந்த முன்வரிசை மனிதரை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உங்களை உட்கார வைக்கிறேன். கைகள் உங்களுடையவை. தட்டுவதும் தட்டாததும் உங்கள் இஷ்டம். உங்களைக் கட்டாயப்படுத்த எனக்கு உரிமையில்லை. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.