கரண்ட் வண்டி நின்ற இருபது நிமிஷம்

"இடது பக்கம் சாய்ங்கப்பா, ஹேண்டில் இடிக்குது பாருங்க!" என்று டுவேன் கத்தினான். நான்கு பேர் சேர்ந்து வெர்லின் பழைய பெட்ரோல் மோட்டார் சைக்கிளைத் தேவாலயக் கூடத்தின் வாசற்படிக்கு மேலே தூக்கி உள்ளே நுழைத்துக்கொண்டிருந்தார்கள். வெர்லின் மனைவி ரோவெனா ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து விரித்துப் பிடித்தபடி அவர்களுக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்தாள். வார நாட்களில் கூடைப்பந்து ஆடுகிற மரத்தரை அது. ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தால் போதும், சபையை நடத்துகிற பிஷப்பின் மனைவி அதை உயிர்த்தெழும் நாள்வரைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

வெர்லைப் புதைத்துவிட்டு வந்து அரைமணிதான் ஆகியிருந்தது. வண்டி இல்லாமல் சாப்பாட்டில் உட்காரமாட்டோம் என்று மலைவண்டி சங்கத்துக்காரர்கள் ஒரே பிடியாக நின்றார்கள். எல்லாருமே அறுபதைத் தொட்டவர்கள், கல்யாணச் சட்டை போட்டுக்கொண்டு காலில் மட்டும் வண்டி ஓட்டுகிற பூட்ஸோடு வந்திருந்தார்கள். கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே அட்டையைப் போட்டு அதன்மேல் வண்டியை நிறுத்தினார்கள். பெட்ரோல் வாசனையும், இழவுச் சாப்பாட்டுக்கென்றே இந்த ஊரில் செய்கிற பாலாடைக்கட்டி உருளைக்கிழங்கின் வாசனையும் ஒன்றோடொன்று கலந்தன. வெர்லுக்கு இரண்டுமே பிடிக்கும்.

"இதுதான்யா வண்டி. நாப்பது வருஷமா ஒரு நாள் கைவிட்டதில்லை" என்று டுவேன் அதன் டாங்கைத் தட்டினான். செத்தவரின் தம்பி அவன். மூன்று நாளாக முகம் கழுவினானோ இல்லையோ, இந்த ஒரு பேச்சை மட்டும் விடவில்லை. "அண்ணியோட அந்தக் கரண்ட் வண்டி மட்டும் வழியில படுக்காம இருந்திருந்தா, அண்ணன் இன்னைக்கு நம்மளோட உட்கார்ந்து ரெண்டாவது தட்டு வாங்கியிருப்பான்."

ரோவெனா கத்தியை எடுத்தாள். தட்டில் இருந்த பன்றித்தொடைத் துண்டை நறுக்கினாள், பிறகு அதையே இன்னும் சின்னதாக நறுக்கினாள்.

அவளுக்கும் வண்டிக்கும் வெகுகாலம் ஒட்டு உறவே கிடையாது. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம் மலையடிவாரத்தில் பிக்கப்புக்குள் உட்கார்ந்து, ஸ்வெட்டர் பின்னி, ரொட்டிக்குள் கறி வைத்துக் கட்டிக்கொண்டு காத்திருந்தவள். இரண்டு தடவை பெட்ரோல் வண்டி ஓட்டப் பார்த்தாள். இரண்டு தடவையும் கிளட்சும் கியரும் அவளை ஒரே புதரில் கொண்டுபோய்த் தள்ளின. நாலு வருஷத்துக்கு முன்னால் கடைக்காரன் கெல்டன் ஒரு கரண்ட் வண்டியைக் காட்டினான். கிளட்ச் இல்லை, கியர் இல்லை, உதைக்க வேண்டியதில்லை, கையைத் திருகினால் போகிறது. ஐம்பத்தெட்டு வயதில் ரோவெனா மலை ஏறினாள். "மிக்ஸி மேல உட்கார்ந்து போற பொம்பளையை இப்பத்தான் பார்க்கறேன்" என்று வெர்ல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமைகூட அவளை விட்டுவிட்டுப் போனதில்லை.

முன்னால் அவர், பின்னால் அவள். பாதை பிரியுமிடத்தில் முன்னால் போகிறவர் நின்று, பின்னால் வருகிறவர் கண்ணில் பட்ட பிறகுதான் நகர வேண்டும் என்பது அவர்கள் சங்கத்தில் எழுதாத சட்டம். பெட்ரோல் வண்டியென்றால் ஒரு மைலுக்கு முன்பே சத்தம் வந்து ஆளைச் சொல்லிவிடும். ரோவெனாவோ பூனை மாதிரி வந்து நிற்பாள்.

போன சனிக்கிழமை, பாதை மூன்றாவது முறை பிரியும் இடத்துக்கு முந்தின வளைவில் அவள் ஓடைக்கரையில் ஓர் எல்க் மானைப் பார்த்தாள். கூடவே குட்டியும். வண்டிக்குச் சத்தமில்லாததால் அவை ஓடவில்லை. கையை விட்டதும் வண்டி தானாக நின்றது. பேட்டரியில் பாதிக்கு மேல் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். இருபது நிமிஷம் இருக்கும். அதற்குப் பிறகு மேலே போனபோது வெர்ல் ஒரு தேவதாரு மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இதயம் நின்றுபோயிருந்தது.

அவள் பதினோரு மைல் இறங்கி வந்து, போனுக்கு சிக்னல் கிடைத்த பிறகுதான் ஆட்கள் வந்தார்கள். ஷெரீப் ஆபீஸிலிருந்து வந்த போலீஸ்காரப் பையன் பேனாவைத் திறந்துகொண்டு, "அவர் முன்னால போயி எவ்வளவு நேரம் கழிச்சு நீங்க அங்க வந்தீங்கம்மா?" என்று கேட்டான். இருபது நிமிஷம் என்றாள். "ஏன்?" என்றான். மான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. புருஷன் மேலே செத்துக்கொண்டிருக்கும்போது இவள் கீழே மான் பார்த்தாளாம். "வண்டி நின்னுடுச்சு. பேட்டரி. அப்புறம் தானா எடுத்துச்சு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. பையன் அதை எழுதிக்கொண்டான். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

டாக்டர் என்னவோ, பக்கத்திலேயே இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றுதான் சொன்னார். டாக்டருக்கு என்ன, எல்லாரிடமும் அதைத்தான் சொல்வார். டுவேனின் கணக்கு வேறு. ஆளைக் காணோம், சத்தமும் இல்லை, பள்ளத்தில் விழுந்துவிட்டாளோ என்று அண்ணன் பதறியிருக்கிறான், திரும்பி வர எழுந்திருக்கிறான், அந்தப் பதற்றத்தில்தான் நெஞ்சு அடைத்துவிட்டது என்கிறான். மூன்று ராத்திரியாக ரோவெனாவுக்குக் கண்ணை மூடினால் வெர்ல் பதறுவதுதான் தெரிந்தது.

"மிஸஸ் லூமிஸ்."

கரண்ட் வண்டியை விற்ற கெல்டன் ரோவெனாவின் பக்கத்தில் வந்து நின்றான். முப்பத்தைந்து வயது ஆள், கழுத்துப் பட்டி கோணலாக இருந்தது.  அந்த மேசையில் யாரும் அவனுக்கு நாற்காலியை நகர்த்தி இடம் கொடுக்கவில்லை.

"என்னை மன்னிச்சுடுங்க. வேற என்ன சொல்றதுன்னு தெரியலை" என்றான். "நாளைக்கு வந்து வண்டியை எடுத்துக்கிட்டுப் போறேன். பேட்டரியைப் பிரிச்சுப் பார்க்கணும். என் தப்பா, கம்பெனி தப்பான்னு தெரிஞ்சாகணும் இல்லையா? தூக்கமே வரலைங்க."

"பிரிச்சுப் பார்த்து என்னத்தைக் கண்டுபிடிக்கப் போறே?" என்றான் டுவேன். "டார்ச் லைட்டுக்கு ரெண்டு சக்கரம் மாட்டி மலைக்கு அனுப்பறே. எங்க வண்டி நின்னா ஒரு ஸ்பேனர் போதும். அது நின்னா பாட்டுப் பாடறதா?"

"உங்க வண்டியும் நிக்கும், டுவேன்" என்றான் கெல்டன். சண்டைக்கு இழுக்கிற குரல் இல்லை அது, களைத்துப்போன குரல். "ஆனா நான் சண்டை போட வரலை. இந்த ஊர்ல இன்னும் நாலு பேருக்கு வித்திருக்கேன். மூணு பேர் பொம்பளைங்க. இனிமே மலைக்கு எடுத்துக்கிட்டுப் போகாதீங்கன்னு நேத்தே போன் பண்ணிச் சொல்லிட்டேன். ஆர்டித் அழுதாங்க. முட்டி போன காலோட அந்த ஒரு வண்டியைத்தான் அவங்களால ஓட்ட முடியுது."

ஆர்டித் கூடத்தின் அந்தக் கோடியில் ஊன்றுகோலை நாற்காலியில் சாய்த்துவிட்டு, வருகிறவர்களுக்கு உருளைக்கிழங்கு பரிமாறிக்கொண்டிருந்தாள். ரோவெனா அவளைப் பார்த்தாள். பிறகு கெல்டனின் கோணல் பட்டியைப் பார்த்தாள். அடச்சே, என்ன காரியம் பண்ணிவிட்டோம் என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"வண்டி நிக்கலை" என்றாள்.

"என்னது?" என்றான் டுவேன்.

"வண்டி நிக்கலை. நான்தான் நின்னேன். பொய் சொல்லிட்டேன்." கத்தியைத் தட்டில் வைத்தாள். "வளைவுல ஒரு எல்க் மான் நின்னுச்சு, குட்டியோட. அதைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். இருபது நிமிஷம். அவர் மேல உட்கார்ந்திருக்கார்னு தெரியும். தெரிஞ்சுதான் நின்னேன். கெல்டன் மேல ஒரு தப்பும் கிடையாது, பேட்டரி நல்லாத்தான் இருந்துச்சு. ஆர்டித்கிட்ட சொல்லிடு, கெல்டன். நானே சொல்றேன். ஷெரீப் ஆபீஸுக்கும் போய்ச் சொல்றேன்."

மேசையில் ஆறு பேர். ஆறு பேரும் முள்கரண்டியைக் கீழே வைத்தார்கள்.  டுவேன் அவளையே பார்த்தான். அவன் திட்டட்டும் என்று அவள் காத்திருந்தாள். இந்த மூன்று நாளில் அவள் நிஜமாகவே எதற்காவது காத்திருந்தாள் என்றால் இதற்காகத்தான்.

டுவேன் எழுந்து வண்டிக்குப் போனான். குனிந்து டாங்கின் அடியில் கையை விட்டு, எதையோ தடவிப் பார்த்தான். திரும்பி வந்து உட்காரவில்லை, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அப்ப அது சரிதான்" என்றான்.

"எது?"

"பெட்ரோல் டேப்பு. டாங்குக்கு அடியில பெட்ரோலைத் திறந்து மூடற திருகு. அன்னைக்கு அண்ணன் வண்டியை நான்தானே கீழே ஓட்டிக்கிட்டு வந்தேன்? உதைச்சேன், உதைச்சேன், எடுக்கவே இல்லை. குனிஞ்சு பார்த்தா டேப்பு மூடியிருக்கு. மூணு நாளா மண்டையைக் குடையுது. பதறிக்கிட்டுத் திரும்ப வர்றவன் எதுக்கு டேப்பை மூடறான்?"

ரோவெனாவுக்குப் புரியவில்லை. கரண்ட் வண்டியில் அப்படி ஒன்று கிடையாது. "அதை மூடினா என்ன அர்த்தம்?"

"சாவகாசமா உட்காரப் போறேன்னு அர்த்தம்" என்றான் டுவேன். "அந்தப் பழைய வண்டி சரிவுல ரொம்ப நேரம் நின்னா பெட்ரோல் ஒழுகும். அதனால மூடிட்டு உட்காருவான். எனக்காக ஒரு தடவைகூட மூடினதில்லை. நான் ரெண்டு நிமிஷம் லேட்டா வந்தா இஞ்சினை அணைக்கவே மாட்டான், அதுமேலயே உட்கார்ந்து அம்மா அப்பாவை இழுத்துத் திட்டுவான்."

"எப்பவும் மூடி வச்சிருப்பார்போல" என்றாள் ரோவெனா மெதுவாக. "நான் வந்து நின்னதும் எழுந்து வந்து குனிஞ்சு அங்க எதையோ திருகுவார். எல்லாரும் செய்யறதுதான்னு நினைச்சேன்."

"எல்லாரும் செய்யறது இல்லை."

டுவேனின் கண் சிவந்திருந்தது. அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வண்டிப் பக்கம் முகத்தைத் திருப்பினான். கெல்டன் இன்னும் நின்றுகொண்டே இருப்பதை அப்போதுதான் கவனித்தான்போல, காலால் ஒரு நாற்காலியை அவன் பக்கம் தள்ளினான். "உட்காருப்பா. நின்னுக்கிட்டே ஏன் மானத்தை வாங்கறே? யாராவது இவனுக்கு ஒரு தட்டு கொண்டு வாங்க."

ரோவெனா தட்டைத் தள்ளி வைத்தாள். நெஞ்சுக்குள் இருந்த பாரம் இறங்கவில்லை, இடம் மட்டும் மாறி உட்கார்ந்தது. ஒன்று பாக்கி இருந்தது. அதையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள்.

"அவர் என்னைக்கும் ஏன் லேட்டுன்னு கேட்டதே இல்லை" என்றாள். "நான் போய் நின்னதும், 'இன்னைக்கு என்னத்தைப் பார்த்தே?' அப்படிம்பார், அவ்வளவுதான். அன்னைக்குக் கேட்கறதுக்கு முன்னாடியே நான் ஆரம்பிச்சுட்டேன். வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழட்டி, கையுறையைக் கழட்டி, பேசிக்கிட்டே போய்ப் பக்கத்துல உட்கார்ந்தேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருந்தார். கேட்டுக்கிட்டு இருக்கார்னு நினைச்சேன். குட்டி தண்ணிக்குள்ள வழுக்கி விழுந்ததைச் சொன்னேன். அதுக்கு அவர் சிரிக்கலை. அப்பத்தான் திரும்பிப் பார்த்தேன்."

 கூடத்தின் மறுபக்கத்தில் ஏதோ ஒரு பாத்திரம் விழுந்தது, யாரோ சிரித்தார்கள். டுவேன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். பெரிய கையிரண்டையும் மேசைமேல் வைத்தான்.

"ஆணா? கொம்புல எத்தனை கிளை?" என்றான்.

"பெட்டைதான். கொம்பு ஏது அதுக்கு?"

"எவ்வளவு தூரத்துல?"

"இங்கேருந்து அந்த மூலையில இருக்கற பியானோ வரைக்கும்."

"அடேயப்பா!" என்றார் சங்கத்துக்காரர் ஒருவர். ஆறு தலையும் ஒன்றாகப் பியானோப் பக்கம் திரும்பியது.

"பியானோவா? நாப்பது வருஷமா அந்தப் பாதையில ஓட்டறேன்" என்றான் டுவேன். "எங்க சத்தத்துக்கு அதுங்க பின்பக்கம் காட்டி ஓடறதைத் தவிர ஒண்ணையும் பார்த்ததில்லை. விழுந்துச்சுன்னியே, குட்டியா? அது எவ்வளவு பெரிசு?"

ரோவெனா எழுந்தாள். தரையிலிருந்து குட்டியின் உயரத்தைக் காட்ட வலது கையை விரித்து, மேசைக்கு ஒரு சாண் மேலே பிடித்து, கொஞ்சம் யோசித்து, இன்னும் இரண்டு விரல் தாழ்த்தினாள்.