சட்டென்று அணையும் பேட்டரி

மகேந்திரன் டார்ச்லைட் பேட்டரி வாங்கப் போனால் பெண் பார்க்கப் போனவன் மாதிரிதான். எடுப்பான், திருப்புவான், வெளிச்சத்தில் பிடிப்பான், மறுபடி கீழே வைப்பான். ஈப்போவில் லியாகத் அலியின் மின்சாமான் கடையில் அன்றைக்கும் அதே கூத்துதான்.

முதலில் சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கடையின் கண்ணாடி மேசைமேல் போட்டான். விரல் நீள லித்தியம் பேட்டரி. அவன் தங்கை புருஷன் பவித்ரன் போனில் பார்த்து வரவழைத்த சனியன். மேலே 9800 mAh என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. லியாகத் அலி அதை உள்ளங்கையில் போட்டு எடை பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இந்த சைசுக்கு மூவாயிரம் வந்தாலே பெரிய விசயம். ஒம்பதாயிரமாம்லா! யாரு காதுல பூ சுத்துறான்?"

"அதான் வந்தேன் அண்ணே. நல்லதா ரெண்டு குடுங்க. நாங்க வேல செய்யிற எடம் அப்படி."

அந்த இடம் தாப்பா பக்கம், மூடிப்போன ஒரு ரப்பர் தோட்டத்துக்குள் இருந்தது. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்ட பழைய கட்டடம். சன்னலையெல்லாம் செங்கல் வைத்து அடைத்து, ஒரு சீன முதலாளி, தவுக்கே என்பார்கள், அதைக் குருவி வீடாக மாற்றியிருந்தார். உள்ளே பட்டப்பகலிலும் கும்மிருட்டு. கூரைப் பலகையில் வாலிட் குருவிகள் எச்சிலால் கட்டும், சூப்புக்காகத் தங்க விலை போகும் கூட்டைச் சுரண்டி எடுப்பதுதான் வேலை. பவித்ரனை அந்த வேலைக்கு இழுத்து வந்தவனே மகேந்திரன்தான். தங்கை ஷர்மினிக்குக் கைக்குழந்தை வேறு. தினமும் காலையில் வாசலில் நின்று, "அண்ணே, அவர முழுசா கூட்டிட்டு வா," என்பாள். மகேந்திரனுக்கு அது நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

லியாகத் அலி இரண்டு வகையை எடுத்து வைத்தார். "இது சாதா. சார்ஜ் குறையக் குறைய வெளிச்சம் மங்கும், உனக்குத் தெரிஞ்சிரும். ஆனா ஒட்ட உறிஞ்சினா கெட்டுப்போவும், அப்புறம் சார்ஜ்ல சூடேறும். இதுக்குள்ள பாதுகாப்புக்கு ஒரு சின்ன போர்டு இருக்கு. தீருற நேரத்துல தன்னைக் காப்பாத்திக்க சட்டுனு கட் பண்ணிரும். சொல்லாம கொள்ளாம அணையும்."

சூடேறும் என்ற சொல் போதும். சார்ஜர் இருப்பது ஷர்மினி வீட்டில், குழந்தையின் ஏணைத் தொட்டிலுக்குப் பக்கத்தில். மகேந்திரன் போர்டு வைத்ததையே இரண்டாக எடுத்தான்.

"ஒன்னு இதுல எடு, ஒன்னு அதுல எடுப்பா. ஒரே வகையா எடுத்தாலும் ரெண்டையும் ஒன்னா சார்ஜ் போடாதே. ஒன்னு போனா ஒன்னு நிக்கணும்லா."

"சாமா சாமா, ரெண்டும் ஒரே மாதிரி இருந்தாத்தான் அண்ணே மாத்திப் போட்டுக்கலாம்."

சொன்னால் கேட்கிற ஆளா அவன்? வீட்டுக்குப் போய் இரண்டையும் ஒரே சார்ஜரில் ஒன்றாகப் போட்டான், ஒன்றாக எடுத்தான். ஆளுக்கொரு டார்ச்லைட். வேலை முழுக்க இரண்டும் ஒன்றாகவே எரிந்தன.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்துச் சனங்களுக்கு ஒரு கட்டு உண்டு. விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போன காலத்திலிருந்து வருவது. இருட்டில் யாராவது கூப்பிட்டால் உடனே 'ஓ' என்று பதில் கொடுக்கக் கூடாது. மூன்றாவது குரலுக்குத்தான் வாயைத் திறக்க வேண்டும். மனுசன் இல்லாத மற்றது எதுவாக இருந்தாலும் இரண்டு தடவைக்குமேல் கூப்பிடாது, பதில் சொன்னவனை விடாது என்பார்கள். மகேந்திரனும் பவித்ரனும் தோட்டத்து லய வீடுகளில் பிறந்தவர்கள். சிரிப்பார்கள், ஆனால் மீறமாட்டார்கள்.

ஒரு நாள் காலை பத்து மணி வாக்கில் பவித்ரன் மாடியில் இருந்தான், மகேந்திரன் கீழே. மாடித் தளத்தின் நடுவில் குருவிகள் ஏறி இறங்கப் பெரிய திறப்பு ஒன்று விட்டிருந்தார்கள். போன் சத்தம் குருவியைக் கலைக்கும் என்று போன்களை வெளியே மோட்டார் சைக்கிளில் வைத்துவிட்டு வருவது வழக்கம்.

திடீரென்று மகேந்திரன் கையிலிருந்த வெளிச்சம் போனது. நிமிர்ந்து பார்த்தான். மாடித் திறப்பில் தெரிந்த வெளிச்சமும் இல்லை. ஒன்றாகச் சார்ஜ் தின்ற இரண்டும் ஒன்றாகவே படுத்துவிட்டன. அட பாவி, லியாகத் அண்ணன் படித்துப் படித்துச் சொன்னாரே!

கூடவே இன்னொன்றும் நின்றது. குருவிகளை அழைக்க ராப்பகலாக ஒலிபெருக்கியில் போட்டிருந்த கீச்சொலி. அது ஏன் நின்றது என்று அவனுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"மச்சான்."

மேலிருந்து வந்தது. பவித்ரன் குரல்தான். மகேந்திரனின் வாய் திறந்தது, கட்டு நினைவுக்கு வந்து மூடிக்கொண்டது.

"மச்சான்."

இந்தத் தடவை கொஞ்சம் கிட்டத்தில். இன்னும் ஒரு தடவை கூப்பிடுடா, கூப்பிட்டுத் தொலையேன் என்று அவன் மனசுக்குள் கெஞ்சினான். மூன்றாவது குரல் வரவில்லை. மேலே பலகை கிறீச்சிட்டது. யாரோ அவசரமே இல்லாமல் நடந்து வரும் சத்தம். பிறகு பொத்தென்று ஓர் உடம்பு அவன் காலடியில் விழுந்தது.

உயிர் இருந்தது. இடுப்பும் இடது தொடையும் நொறுங்கியிருந்தன. ஈப்போ ஆஸ்பத்திரியில் ஆபரேசன் முடிந்து பவித்ரன் கண் விழித்தபோது, குழந்தைக்குப் பால் கொடுக்க ஷர்மினி வெளியே போயிருந்தாள். மகேந்திரன் கட்டிலருகே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான்.

"என்னய மன்னிச்சிரு மச்சான். நீ ரெண்டு தடவ கூப்பிட்ட. மூணாவதுக்குக் காத்துக்கிட்டு ஊமையா நின்னுட்டேன். நான் ஒரு குரல் குடுத்திருந்தா நீ நின்ன எடத்துலயே நின்னிருப்ப."

பவித்ரன் அவனை வெறித்துப் பார்த்தான். "நான் எங்க மச்சான் கூப்பிட்டேன்? லைட்டு போனதும் நான் சொவத்தப் புடிச்சிக்கிட்டு அசையாம நின்னேன். நீதானே கூப்பிட்ட?"

"நானா?"

"'மச்சான், இங்க வா, இங்க வெளிச்சம் இருக்கு'ன்னு. ஒன் கொரலுதான், எனக்குத் தெரியாதா? நானும் சட்டுனு வாயத் தொறக்கல. மூணு தடவ கூப்பிட்ட. அப்புறம்தான் நடந்தேன்."

மகேந்திரன் கட்டிலை ஒட்டிக் குனிந்தான். "சத்தியமா நான் வாயே தொறக்கல மச்சான்."

போர்வைக்குள்ளிருந்து பவித்ரனின் கை வந்து மகேந்திரனின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. விரல்கள் சில்லிட்டிருந்தன.

"அப்ப நான் யாருக்கு மச்சான் பதில் சொன்னேன்?"

"என்ன சொன்ன?"

"'வாரேன்'னு சொல்லிட்டேன்."